டுகேலா ஃபெரியின் 53 பேர்: மருந்துக்கு அடங்காத காசநோய், ஒரு நிகழ்வு ஆய்வு

மருந்துக்கு அடங்காத காசநோய் என்று ஒருவருக்குத் தெரியவந்ததும் சுற்றியிருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "மாத்திரையை ஒழுங்காகப் போட்டாரா?" என்பதுதான். உறவினர்கள் கேட்கிறார்கள், பக்கத்து வீட்டார் கேட்கிறார்கள், சளி டப்பாவைக் கையில் வாங்கும் ஊழியரும் கேட்கிறார். கேள்வியிலேயே தீர்ப்பும் இருக்கிறது: பாதியில் விட்டவர், குடித்தவர், அலட்சியமாக இருந்தவர். தென்னாப்பிரிக்காவின் ஒரு கிராமப்புற மருத்துவமனையில் 2005இலும் 2006இலும் நடந்ததைத் தொடக்கத்திலிருந்து தெரிந்துகொண்டவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்க வாய் வராது. இருபது ஆண்டு பழைய நிகழ்வை இப்போது எடுத்து எழுதுவது அதற்காகத்தான். நோயாளிகள் யாருடைய பெயரும் இதில் இல்லை.

பின்னணி

டர்பன் நம்மவர்களுக்குத் தெரிந்த ஊர்தான். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்கள் கப்பலிலிருந்து இறங்கிய துறைமுகம். அந்தக் கடலுக்கும் கரும்புக்கும் சம்பந்தமில்லாத உள்நாட்டில், அதே குவாசூலு-நடால் மாகாணத்தில், டுகேலா ஆற்றங்கரையில் இருக்கிறது டுகேலா ஃபெரி. வறண்ட மலைச்சரிவுகள், சிதறிக் கிடக்கும் குடியிருப்புகள், ஆடுமாடு, ஆற்றோரமாகக் கொஞ்சம் பாசன விவசாயம். ஆண்களில் பலர் பிழைப்புக்காக ஜோகன்னஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் போய்வருபவர்கள். எம்சிங்கா என்ற அந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 1,80,000 சூலு மக்களுக்கு இருந்தது சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து மருத்துவமனை. பெயர் மிஷன் காலத்தது. நடத்துவது மாகாண அரசு. சுமார் 350 படுக்கைகள்.

அந்த ஆண்டுகளில் மாகாணமே எச்ஐவியின் பிடியில் இருந்தது. அரசு கிளினிக்குகளில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்ட கர்ப்பிணிகளில் பத்துக்கு நான்கு பேரிடம் வைரஸ் காணப்பட்டது. உடலின் எதிர்ப்புச் சக்தி குலைந்தவரிடம் காசநோய் வேறு முகம் காட்டும். நுரையீரலில் பொந்து விழாமலே பரவும்; சளியில் கிருமி குறைவாக இருப்பதால் நுண்ணோக்கிக்குச் சிக்காது; ஆளைக் கொல்ல அதற்கு மாதக்கணக்கும் தேவைப்படாது. எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரைகள் தென்னாப்பிரிக்க அரசு மருத்துவமனைகளுக்கு 2004இல்தான் வரத் தொடங்கின. தாமதத்துக்குப் பணம் மட்டும் காரணம் அல்ல. எய்ட்ஸுக்குக் காரணம் எச்ஐவிதானா என்றே சந்தேகம் எழுப்பிக்கொண்டிருந்தவர் அன்றைய அதிபர்.

வார்டுகளின் நிலையை இதிலிருந்து ஊகிக்கலாம். இருமலோடு வந்தவர்களும் எச்ஐவியால் நலிந்தவர்களும் ஒரே கூடத்தில் அடுத்தடுத்த படுக்கைகளில் இருந்தார்கள். பலர் இரண்டுமாகவே இருந்தார்கள்.

இனி வரும் இரண்டு சொற்களுக்கு மட்டும் விளக்கம். காசநோய்க்கான கூட்டு மருந்தில் முதுகெலும்பு போன்றவை ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் ஆகிய இரண்டும். இந்த இரண்டும் பலிக்காத கிருமி எம்டிஆர். இவற்றோடு ஃப்ளோரோகுவினலோன் வகை மருந்தும், கானாமைசின் போன்ற இரண்டாம் நிலை ஊசி மருந்தும் பலிக்காமல் போனால் எக்ஸ்டிஆர். இந்த இரண்டாவது வரையறையே 2006 அக்டோபரில்தான் இறுதியானது. அதற்குக் காரணமாக இருந்த இடங்களில் முதன்மையானது டுகேலா ஃபெரி.

முதல் சந்தேகம்

காசநோய்க்கும் எச்ஐவிக்கும் சேர்த்துச் சிகிச்சை தரும் திட்டம் ஒன்றை அந்த மருத்துவமனை நடத்திவந்தது. சேர்த்துத் தந்தால் பலன் நன்றாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. பெரும்பாலோரிடம் அது பொய்க்கவில்லை. ஆனால் சிலர் மட்டும் கணக்கில் ஒட்டாமல் நின்றார்கள். ஏஆர்டி பலித்து இரத்தத்தில் வைரஸ் அடங்கியிருந்தது. காசநோய் மாத்திரைகளையும் கண்காணிப்பில் விழுங்கிவந்தார்கள். ஆனாலும் காசநோய் முற்றி இறந்துபோனார்கள்.

எச்ஐவி அதிகமுள்ள வட்டாரத்தில் ஒரு நோயாளி இறந்தால் காரணம் தேட யாரும் சிரமப்படுவதில்லை. 'எய்ட்ஸ் முற்றிவிட்டது', 'தாமதமாக வந்தார்' என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம். இங்கேயும் அப்படி மூடியிருந்தால் இந்தக் கதை இன்னும் பல ஆண்டுகள் வெளியே தெரிந்திருக்காது. மூடவில்லை. வைரஸ் அடங்கியவர் ஏன் சாகவேண்டும் என்று அங்கிருந்த மருத்துவர்கள் கேட்டார்கள். என் கணிப்பில், இந்த நிகழ்வு முழுவதிலும் எடுத்த முடிவுகளிலேயே பெரியது இந்தக் கேள்விதான்.

அன்றைய நடைமுறைப்படி புதிய காசநோயாளிக்கு நுண்ணோக்கிப் பரிசோதனை போதும். சளியை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பி எந்த மருந்து பலிக்கும் என்று பார்ப்பது, ஏற்கெனவே சிகிச்சை பெற்று நோய் திரும்பியவர்களுக்கும் மருந்து தோற்றவர்களுக்கும் மட்டுமே. இந்த விதியின் அடியில் ஒரு நம்பிக்கை இருந்தது: எதிர்ப்பு என்பது நோயாளியின் உடலுக்குள், விட்டு விட்டுச் சாப்பிட்ட மாத்திரையால் உருவாவது, மாத்திரையே சாப்பிடாதவரிடம் அது இருக்க வழியில்லை. முதல் பத்தியில் சொன்ன அதே கேள்விதான் இங்கே அரசு விதியாக மாறியிருந்தது.

2005 ஜனவரியிலிருந்து அந்த விதியைத் தாண்டி, பழைய நோயாளியா புதியவரா என்று பார்க்காமல் சளியை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பத் தொடங்கினார்கள்.

கண்டது என்ன

2006 மார்ச் வரையிலான 15 மாதங்களில் 1,539 பேரின் சளி போனது. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், எத்தாம்பியூட்டால், ஸ்ட்ரெப்டோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், கானாமைசின் என்று ஆறு மருந்துகளுக்கு எதிராகக் கிருமியைச் சோதித்தார்கள். 221 பேரிடம் எம்டிஆர். அவர்களில் 53 பேரிடம் எக்ஸ்டிஆர். வளர்ப்புச் சோதனையில் காசநோய் உறுதியான 475 பேரின் தொகுப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் 39 சதவீதம் எம்டிஆர், 6 சதவீதம் எக்ஸ்டிஆர். அதற்குச் சற்று முன்பு, உலகெங்கும் உள்ள ஆய்வகங்களிலிருந்து திரட்டிய 17,690 மாதிரிகளில் 20 சதவீதம் எம்டிஆர், 2 சதவீதம் எக்ஸ்டிஆர் என்று கணக்கு வந்திருந்தது. அந்த மாதிரிகளே பெரும்பாலும் சிக்கலான நோயாளிகளிடமிருந்து வந்தவை. ஒரே ஒரு கிராமப்புற மருத்துவமனை அதைத் தாண்டியிருந்தது.

53 பேரில் 52 பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் சுகாதாரப் பணியாளர்கள். எச்ஐவி பரிசோதனை செய்துகொண்ட 44 பேருக்கும் அது இருந்தது. இறந்த தேதி உறுதியாகத் தெரிந்த 42 பேரில், சளி கொடுத்த நாளிலிருந்து பாதிப் பேர் உயிரோடிருந்தது 16 நாள்தான். அந்த 53 பேரில் 15 பேர் ஏஆர்டி எடுத்துக்கொண்டிருந்தவர்கள்.

அந்த 16 நாளை வைத்து இன்னொரு கணக்குப் போட வேண்டும். காசநோய்க் கிருமி மெல்ல வளர்வது. மற்ற பாக்டீரியாக்கள் ஒரே இரவில் தட்டை நிறைத்துவிடும். இது ஒரு முறை இரட்டிக்கவே ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். முதலில் கிருமியை வளர்த்து, பிறகு ஒவ்வொரு மருந்தோடும் திரும்ப வளர்த்துப் பார்க்க அன்றைய முறையில் ஆறு வாரம், எட்டு வாரம் ஆகும். டர்பன் ஆய்வகத்திலிருந்து சீட்டு வரும். மருந்துகளின் பெயர் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் நேரே 'எதிர்ப்பு', 'எதிர்ப்பு' என்று குறி இருக்கும். செவிலியர் அந்தச் சீட்டோடு வார்டுக்குப் போகும்போது அந்தப் படுக்கையில் வேறொருவர் இருப்பார். பெரும்பாலான சீட்டுகள் இறந்தவர்களைப் பற்றியவை.

எங்கே தொற்றியது

இங்கேதான் முதல் கேள்வி உடைகிறது. முன்பு காசநோய் சிகிச்சை பெற்றாரா என்ற விவரம் கிடைத்தது 47 எக்ஸ்டிஆர் நோயாளிகளுக்கு. அவர்களில் 26 பேர், அதாவது 55 சதவீதம், தம் வாழ்நாளில் ஒரு காசநோய் மாத்திரைகூடச் சாப்பிடாதவர்கள். ஒழுங்காகச் சாப்பிடுவதா, ஒழுங்கில்லாமல் சாப்பிடுவதா என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. இரண்டாவது விவரம்: 42 பேரில் 28 பேர் சமீபத்தில் மருத்துவமனையில் உள்நோயாளியாகத் தங்கியிருந்தார்கள். காசநோய்க்காகத்தான் என்றில்லை, வேறு ஏதோ ஒன்றுக்காகவும் வந்திருக்கலாம். மூன்றாவது: 46 பேரின் கிருமிகளை மரபணு அளவில் ஒப்பிட்டபோது 39 பேரிடம் இருந்தது ஒரே குடும்பத்துக் கிருமி. மாகாணத்தின் பெயரால் 'கேஇசட்என்' என்றழைக்கப்படும் வகை.

ஒவ்வொருவரும் தம் தவறால் தம் உடலிலேயே எதிர்ப்பை உண்டாக்கியிருந்தால் 46 பேரிடம் 46 விதமான கிருமி இருந்திருக்க வேண்டும். மாறாக, ஏற்கெனவே எல்லா எதிர்ப்பையும் சேர்த்துவைத்திருந்த ஒரு கிருமி ஆள்விட்டு ஆள் தாவியிருக்கிறது. தாவிய இடம் பெரும்பாலும் வார்டு.

எப்படி என்று பார்க்க ஒரு கூடத்தை மனத்தில் கொண்டுவந்தால் போதும். இரண்டு வரிசைக் கட்டில்கள். ஒருவர் இருமுகிறார். வெளிவரும் நீர்த்துளிகளில் பெரியவை தரையில் விழுந்துவிடும்; அவற்றால் பயம் இல்லை. மிகச் சிறியவை காற்றிலேயே உலர்ந்து, ஒன்றிரண்டு கிருமிகளைச் சுமந்தபடி மணிக்கணக்கில் மிதக்கும். பகலில் கதவும் ஜன்னலும் திறந்திருந்தால் காற்று அவற்றை வாரிக்கொண்டு போய்விடும். ராத்திரி குளிருகிறது என்று யாரோ ஜன்னலைச் சாத்துகிறார். பொழுது விடியும்வரை அந்தக் கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் அதே காற்றைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். சாதாரணக் கிருமி என்றால் மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே இருமுபவரின் தொற்றுத்திறன் சரிந்துவிடும். எக்ஸ்டிஆர் நோயாளிக்கு வழக்கமாகத் தரும் நான்கு வகை மாத்திரைகளும் தண்ணீருக்குச் சமம். அவர் சிகிச்சையில் இருப்பதாகவே எல்லோரும் நம்புகிறார்கள். அவரோ வந்த நாளில் இருந்ததைப் போலவே பரப்பிக்கொண்டிருக்கிறார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு எச்ஐவி.

அதே மருத்துவமனையின் எக்ஸ்டிஆர் நோயாளிகள் யார் யாரோடு எந்த வார்டில் எந்தத் தேதிகளில் இருந்தார்கள் என்று பின்னர் பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வின்படி மிகப் பெரும்பாலோர் தொற்றக்கூடிய நிலையில் வார்டில் தங்கியிருந்தவர்கள். ஒருவர் இருந்த காலமும் இன்னொருவர் இருந்த காலமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன.

கிருமியின் பூர்வீகம்

தாவிய கிருமி சரி, முதலில் அது எங்கிருந்து வந்தது? இதற்கு விடை கிடைக்க இன்னும் பத்தாண்டு ஆனது. மாகாணத்தின் பல கிருமிகளின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து, மாற்றங்கள் சேர்ந்த வரிசையைப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். 2015இல் வெளியான கணக்கின்படி இந்தக் குடும்பம் ஐசோனியாசிடுக்கு அடங்காமல் போனது 1957 வாக்கில். அந்த மருந்து புழக்கத்துக்கு வந்து ஐந்தாறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. எம்டிஆர் ஆனது 1980களின் நடுவில். எக்ஸ்டிஆர் ஆனது 1995 வாக்கில்.

ஆக, யாரும் கவனிக்கும் முன்பே பத்தாண்டுக் காலம் அந்தக் கிருமி அங்கே இருந்திருக்கிறது. புதிய மருந்து ஒவ்வொன்றும் வந்தபோது, அதைத் தனித்தோ, ஏற்கெனவே தோற்றுப்போன கூட்டோடு சேர்த்தோ கொடுத்துக் கொடுத்துக் கிருமிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது சிகிச்சை முறையே. இதற்கு நல்ல உதாரணம், உலகெங்கும் நம் ஊரிலும் பின்பற்றிய 'இரண்டாம் வகை' மறுசிகிச்சை. முதல் கூட்டு மருந்து தோற்றவருக்கு அதே மருந்துகளோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி ஒன்றைச் சேர்ப்பார்கள். தோற்ற கூட்டுடன் ஒற்றை மருந்தைச் சேர்க்காதே என்பது காசநோய் மருத்துவத்தின் பாலபாடம். ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் அந்த முறையைக் கைவிடச் சொன்னது 2017இல்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

2006 ஆகஸ்டில் டொராண்டோ எய்ட்ஸ் மாநாட்டில் இந்த விவரங்கள் வெளியானபோது உலகச் செய்தியாகிவிட்டது. ஆனால் மருத்துவமனையில் இருந்தவர்களுக்கு அன்றாடக் கவலை வேறு. மறுநாள் காலையில் வார்டைத் திறக்க வேண்டும்.

மருந்தை நம்ப வழியில்லை. எக்ஸ்டிஆருக்குக் கொடுக்கக்கூடிய கேப்ரியோமைசின், பாஸ் போன்றவை உடனே கிடைக்கவில்லை. எம்டிஆர் நோயாளிகளை அனுப்ப மாகாணத்துக்கே பொதுவாக டர்பனில் கிங் ஜார்ஜ் ஐந்தாம் மருத்துவமனை இருந்தது. அங்கே படுக்கைக்குக் காத்திருப்போர் வரிசை. எனவே கையில் இருந்தவற்றைக் கொண்டு தொடங்கினார்கள். ஜன்னல்களைத் திறந்துவைப்பது. காற்றை வெளியே தள்ளும் விசிறிகள். இருமுபவரைப் புறநோயாளிகள் கூட்டத்திலிருந்து முதலிலேயே பிரித்து அனுப்புவது. ஊழியர்களுக்கு என்95 முகக்கவசம், நோயாளிகளுக்குச் சாதாரண அறுவைச் சிகிச்சை முகக்கவசம். அவசியமில்லாமல் யாரையும் வார்டில் வைத்திருக்காமல் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவது. ஊழியர்கள் தம் எச்ஐவி நிலையைத் தெரிந்துகொள்ள ஊக்குவிப்பது. கடைசியில் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கடினம். உடன் வேலை செய்பவர்களின் ஆய்வகத்தில் தன் இரத்தத்தைக் கொடுக்க எந்தச் செவிலியருக்கு மனம் வரும்?

ஜன்னலைத் திறப்பது ஏழைகளின் வைத்தியம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். பெரு நாட்டின் லிமா நகரத்தில் மருத்துவமனை அறைகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். இயந்திரக் காற்றோட்டம் உள்ள நவீன அறைகளில் மணிக்கு 12 முறை காற்று முழுதாக மாறுமென்றால், கதவும் ஜன்னலும் திறந்த அறைகளில் 28 முறை மாறியது. உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட பழைய கட்டடங்கள் இன்னும் மேல். முகக்கவசத்துக்கும் அளவு உண்டு. தென்னாப்பிரிக்காவின் ம்புமலாங்கா மாகாணத்தில், எம்டிஆர் வார்டிலிருந்து வெளியேறும் காற்றைக் கினிப்பன்றிக் கூண்டுகளுக்குத் திருப்பிவிட்டார்கள். நோயாளிகள் முகக்கவசம் அணியாத நாட்களில் அந்தக் காற்றைச் சுவாசித்த 90 கினிப்பன்றிகளில் 69 தொற்றுக்கு உள்ளாயின. அணிந்த நாட்களில் சுவாசித்த 90இல் 36.

எதற்கு முன்னுரிமை என்பதில் 2007இல் வெளியான கணித மாதிரி ஒன்று உதவியது. அப்போதைய போக்கே தொடர்ந்தால் 2012 முடிவதற்குள் டுகேலா ஃபெரி பகுதியில் சுமார் 1,300 பேருக்கு எக்ஸ்டிஆர் வரும், பாதிக்கு மேல் மருத்துவமனையிலேயே தொற்றும் என்றது அது. முகக்கவசம் மட்டும் என்றால் மொத்தத்தில் பத்து சதவீதம்கூடக் குறையாது, ஊழியர்களைத்தான் காக்கும். தங்கும் நாட்களைக் குறைத்து வீட்டோடு சிகிச்சைக்கு மாறுவதையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு. காற்றோட்டம், துரிதப் பரிசோதனை, எச்ஐவி சிகிச்சை, தனிமைப்படுத்தும் வசதி எல்லாம் சேர்ந்தால் 48 சதவீதம்.

அந்தக் கணித மாதிரி இன்னொன்றையும் சொன்னது. நோயாளிகளைக் கட்டாயமாக அடைத்துவைத்தால், இடம் போதாத நிலையில், நோய் கூடவே செய்யும். அந்த நேரத்தில் அடைத்துவைப்பதைப் பற்றிய பேச்சு பலமாக இருந்தது. நாட்டின் சில இடங்களில் செய்யவும் செய்தார்கள். 2007 டிசம்பரில் போர்ட் எலிசபெத் நகரில் அப்படி வைத்திருந்த நோயாளிகள் வேலியை வெட்டிக்கொண்டு வெளியேறினார்கள். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போகத்தான். ஆண்டுக்கணக்கில் கம்பி வேலிக்குள் வைத்திருந்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள்.

அதன் பிறகு

உடனே எதுவும் சரியாகிவிடவில்லை. 2005 முதல் 2007 வரையிலான மூன்று ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தபோது அந்த மருத்துவமனை வட்டாரத்தில் 272 எம்டிஆர் நோயாளிகள், 382 எக்ஸ்டிஆர் நோயாளிகள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் முறையே 71, 83 சதவீதம். இறப்பு விகிதம் ஆண்டுக்கு ஆண்டு சற்றுக் குறைந்துவந்தது உண்மை. ஆனால் எக்ஸ்டிஆர் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் சளி கொடுத்த 30 நாட்களுக்குள்ளேயே இறந்தார்கள்.

திருப்பம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், சிகிச்சை டர்பனை விட்டு நோயாளியின் ஊருக்கு வந்ததைச் சொல்லலாம். 2008 முதல் அருகிலுள்ள கிரேடவுன் நகரத்து மருத்துவமனையை மையமாக வைத்து எம்டிஆர் சிகிச்சை தரத் தொடங்கினார்கள். ஊசியையும் மாத்திரையையும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் குழுக்கள் உருவாயின. எச்ஐவி மருந்தும் அதே கையால் கிடைத்தது. 2011இல் நாடு முழுவதற்கும் இந்த முறையே கொள்கையானது.

இந்த இடத்தில் சென்னையை நினைக்காமல் இருக்க முடியாது. வீட்டில் வைத்துச் சிகிச்சை தந்தால் குடும்பத்துக்கே பரவாதா என்ற கேள்விக்கு விடை தேடி 1956இல் மதராஸில் ஓர் ஆய்வு தொடங்கியது. 193 நோயாளிகள். ஒரு பாதிக்கு சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும்; மறுபாதிக்கு நெரிசலான நகரத்து வீட்டிலேயே அதே மருந்துகள். குணமாவதிலும் பெரிய வித்தியாசம் இல்லை, வீட்டிலிருந்தவர்களுக்கு நோய் தொற்றியதிலும் இல்லை. வேலை செய்யும் மருந்து உள்ளே போய்விட்டால் நோயாளியைக் கண்டு ஓட வேண்டியதில்லை என்பது அன்றே தெளிவானது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம். மருந்துக்கு அடங்காத காசநோய் விஷயத்தில் மட்டும் அரை நூற்றாண்டு கழித்து அதையே திரும்பக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் எக்ஸ்பர்ட் பரிசோதனைக்கு ஒப்புதல் அளித்தது. தென்னாப்பிரிக்கா அடுத்த ஆண்டே அதை நாடெங்கும் கொண்டுவரத் தொடங்கியது. சளியைக் கார்ட்ரிட்ஜில் ஊற்றி இயந்திரத்தில் வைத்தால் ரிஃபாம்பிசின் பலிக்குமா என்பது இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். நம் மாவட்டக் காசநோய் மையங்களிலும் இன்று இதே வகை இயந்திரம்தான் இருக்கிறது. 16 நாளுக்கும் எட்டு வாரத்துக்கும் இடையில் இருந்த பள்ளம் ஓரளவு மூடியது.

மருந்து வரப் பின்னும் காலமானது. பழைய இரண்டாம் நிலை மருந்துகளைக் கொண்டு தென்னாப்பிரிக்காவில் சிகிச்சை பெற்ற 107 எக்ஸ்டிஆர் நோயாளிகளை ஐந்து ஆண்டு பின்தொடர்ந்தபோது 73 சதவீதத்தினர் இறந்திருந்தார்கள். கானாமைசின் ஊசி குணப்படுத்தியவர்களிலும் பலரைச் செவிடாக்கியது. பெடாகுலின், 1960களுக்குப் பிறகு காசநோய்க்கென்றே வந்த முற்றிலும் புதிய வகை மருந்து, 2012இல் ஒப்புதல் பெற்றது. 2018இல் தென்னாப்பிரிக்கா ஊசியைக் கைவிட்டு அதற்கு மாறியது. பெடாகுலின், பிரிட்டோமனிட், லினசோலிட் மூன்றையும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த நிக்ஸ் ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது: 109 பேரில் 98 பேருக்கு நல்ல பலன். லினசோலிட் அளவு அதிகமாக இருந்ததால் பெரும்பாலோருக்குக் கைகால் நரம்புகளில் எரிச்சலும் மரமரப்பும் வந்தன. பிறகு நடந்த ஆய்வில் அளவைப் பாதியாகக் குறைத்தும் பலன் குறையவில்லை. நிக்ஸ் ஆய்வு நடந்த மூன்று இடங்களில் ஒன்று, டுகேலா ஃபெரி நோயாளிகள் படுக்கைக்குக் காத்திருந்த அதே டர்பன் மருத்துவமனை. இப்போது அதன் பெயர் கிங் தினுசூலு மருத்துவமனை. இந்த மூன்றோடு மாக்ஸிஃப்ளாக்சசினும் சேர்ந்த ஆறு மாதக் கூட்டுக்கு இந்திய அரசு 2024இல் ஒப்புதல் தந்தது.

கிருமியும் சும்மா இருக்கவில்லை. 2011 முதல் 2014 வரை குவாசூலு-நடால் மாகாணத்தில் எக்ஸ்டிஆர் கண்ட 404 பேரை ஆராய்ந்தபோது 69 சதவீதத்தினர் அதற்கு முன் எம்டிஆர் சிகிச்சையே பெறாதவர்கள். அவர்களும் மற்றவரிடமிருந்து வாங்கிக்கொண்டவர்கள்தான். ஒரே மரபணுக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் மட்டும் 212 பேர். வார்டில் தாவிய குடும்பம் வெளியே வந்து வீடுகளிலும் வேலையிடங்களிலும் குடியேறியிருந்தது.

எதை மாற்றியிருக்க வேண்டும்

முதலில் அந்த விதி. மருந்துப் பரிசோதனை, சந்தேகப்படும் சிலருக்கல்ல, காசநோய் என்று தெரியும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளிலேயே வேண்டும். இன்று எழுத்தில் பல நாடுகள் இதை ஏற்றுக்கொண்டுவிட்டன. நடைமுறையில், இயந்திரம் பழுது, கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டது, சளி எடுத்துப்போகும் ஆள் வரவில்லை என்ற காரணங்களால் நுண்ணோக்கியோடு நின்றுபோகும் இடங்கள் இன்னும் உண்டு.

இரண்டாவது, கட்டடம். டுகேலா ஃபெரியில் காற்றோட்டத்தைப் பற்றி யோசித்தது 53 பேரைக் கண்டுபிடித்த பிறகு. மருந்து தெரியாத, பரிசோதனை முடியாத நிலையிலும் முதல் நாளிலிருந்தே பலனளிக்கக்கூடியது அது ஒன்றுதான். குளிர்சாதன வசதிக்காக ஜன்னல்களைக் கண்ணாடியால் அடைத்துப் புதுக்கட்டடம் எழுப்பும் மருத்துவமனைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வார்டுதான் ஞாபகத்துக்கு வருகிறது. வரவேற்பறை பளபளக்கிறது, இருமுபவரின் காற்று எங்கே போகும் என்று வரைபடம் போட்டவர் யோசிக்கவில்லை.

ஊழியர்களைப் பற்றி இன்னும் முன்பே கவலைப்பட்டிருக்க வேண்டும். காசநோய் வார்டில் வேலை செய்வதற்கு முன் எச்ஐவி, சர்க்கரை நோய் முதலியவற்றுக்கு ரகசியமாகப் பரிசோதித்து, இருப்பவரை வேறு பிரிவுக்கு மாற்ற, அதுவும் வெளியே தெரியாமல் மாற்ற, ஒரு வழி இருந்திருக்க வேண்டும்.

பிறகு, அந்த முதல் கேள்வி. மாத்திரையை விட்டுவிட்டதால் எதிர்ப்பு உருவாவது உண்டு. இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதை மட்டுமே கேட்பதால் மற்ற கேள்விகள் விடுபடுகின்றன. கடந்த ஆண்டில் எந்த மருத்துவமனையில் தங்கினீர்கள்? யாருக்குத் துணையாக இரவில் வார்டில் படுத்திருந்தீர்கள்? வீட்டில், வேலையிடத்தில் யார் இருமுகிறார்கள்? டுகேலா ஃபெரியில் 26 பேரிடம் பயன்பட்டிருக்கக்கூடியவை இந்தக் கேள்விகள்.

2021இல் எக்ஸ்டிஆர் வரையறை மறுபடி மாறியது. ஊசி மருந்துகள் பட்டியலிலிருந்து போய்விட்டன; அந்த இடத்தில் பெடாகுலினும் லினசோலிடும். முன்பு சொன்ன மற்ற மருந்துகளோடு இவற்றில் ஒன்றுக்கும் அடங்காவிட்டால் எக்ஸ்டிஆர். பெடாகுலினுக்கு அடங்காத கிருமிகள் தென்னாப்பிரிக்காவிலும் மற்ற நாடுகளிலும் ஏற்கெனவே தென்படத் தொடங்கிவிட்டன. எக்ஸ்பர்ட் பரிசோதனைக்கான புதிய கார்ட்ரிட்ஜ் ஐசோனியாசிட், ஃப்ளோரோகுவினலோன், பழைய ஊசி மருந்துகள் ஆகியவற்றுக்கு ஒன்றரை மணி நேரத்தில் விடை சொல்கிறது. பெடாகுலினுக்குச் சொல்வதில்லை. மரபணு வரிசையைப் படிக்கும் வசதியுள்ள பெரிய ஆய்வகம் அருகில் இல்லையென்றால் சளியை வளர்ப்புச் சோதனைக்குத்தான் அனுப்ப வேண்டும். சீட்டு வர இன்றும் வாரக்கணக்கில் ஆகிறது.